மீஞ்சூரில் வேலை, மீஞ்சூரில் மனை, பக்கத்து ஆலையின் பங்கு: உங்கள் முதலீட்டை நீங்களே நிர்வகிப்பது எப்படி?

திருவொற்றியூரில் இருந்து எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் வழியாக மீஞ்சூர் வரை போகும் மின்சார ரயிலில் இப்போது பங்குச்சந்தைப் பேச்சு சாதாரணம். செல்போனிலேயே டீமேட் கணக்கு திறக்கலாம், ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். ஏஜென்ட் வேண்டாம், கமிஷன் வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் இறங்குகிறார்கள்.

நாமே பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் எந்தப் பங்கு ஏறும் என்று கண்டுபிடிப்பது இதில் சின்ன வேலை. வீட்டில் இருக்கும் மொத்த சொத்தும் ஒரே அடியில் சரியாதபடி பிரித்து வைப்பதுதான் பெரிய வேலை. வடசென்னைத் தொழிற்பகுதியில் வாழ்பவர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். ஏன், எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

போர்ட்ஃபோலியோ என்றால் என்ன?

உங்களிடம் இருக்கும் எல்லா முதலீடுகளின் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. நிறைய பேர் டீமேட் செயலியில் தெரியும் பங்குகளை மட்டும் போர்ட்ஃபோலியோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிஎஃப் பணம், வங்கி டெபாசிட், அஞ்சலக சேமிப்பு, பீரோவில் இருக்கும் நகை, வாங்கிப் போட்ட மனை, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு எல்லாமே அதில் சேரும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மாதச் சம்பளம். 35 வயதுக்காரருக்கு இன்னும் 20, 25 ஆண்டு வரப்போகும் சம்பளம்தான் அவரிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து. அந்தச் சம்பளம் எந்தத் தொழிலில் இருந்து வருகிறதோ, அதே தொழிலில் சேமிப்பையும் போட்டால் என்ன ஆகும்? இதற்கு நம்ம ஏரியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2019-ல் எண்ணூரில் என்ன நடந்தது?

2019-ம் ஆண்டு இந்திய வாகனத் துறையே சரிவில் இருந்தது. லாரி விற்பனை படுத்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தில் எண்ணூர் ஆலைக்கு 16 நாட்கள் வேலை இல்லா நாட்கள் என்று அசோக் லேலண்ட் பங்குச்சந்தைகளுக்குத் தெரிவித்தது. ஓசூர், பந்த்நகர் உள்ளிட்ட மற்ற ஆலைகளுக்கும் இதேபோல் நாட்கள் அறிவிக்கப்பட்டன.

அதே காலத்தில் அந்தப் பங்கின் விலை என்ன ஆனது? 2018 மே மாதத்தில் 160 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, 2019 ஆகஸ்ட், செப்டம்பரில் 60 ரூபாய் பக்கத்துக்கு வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுக்கப்பட்டதால், இன்று செயலியில் பழைய விளக்கப்படத்தைப் பார்த்தால் இந்த விலைகள் பாதியாகத் தெரியும். வீழ்ச்சியின் அளவு மாறாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஆலையையோ, அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறையையோ நம்பி இருந்த ஒருவர், சேமிப்பையும் அதே பங்கில் போட்டிருந்தால்? வேலை நாள் குறைந்த அதே மாதத்தில் சேமிப்பும் பாதிக்கும் கீழே போயிருக்கும். வீட்டுச் செலவுக்காக அந்த விலையில் விற்க வேண்டிய நிலையும் வந்திருக்கும். பங்கு பின்னால் மீண்டது உண்மைதான். விற்றவருக்கு அதனால் பயன் இல்லை.

அசோக் லேலண்ட் மோசமான நிறுவனம் என்பது இதன் பொருள் அல்ல. சம்பளமும் சேமிப்பும் ஒரே கயிற்றில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான்.

தெரிந்த கம்பெனி என்பதால் வாங்கலாமா?

மீஞ்சூரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. மணலியில் சிபிசிஎல், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ். எண்ணூரில் அசோக் லேலண்ட், கோரமண்டல். திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை. காட்டுப்பள்ளியில் அதானி துறைமுகம். இவை எல்லாமே பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், அல்லது அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமானவை.

தினமும் லாரி போவதைப் பார்க்கிறோம், ஷிஃப்ட் ஓடுவதைப் பார்க்கிறோம், அதனால் நமக்குத் தெரியும் என்ற எண்ணம் வரும். ஆனால் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் லாபத்தை முடிவு செய்வது உலகச் சந்தையில் கச்சா எண்ணெய்க்கும் டீசல், பெட்ரோலுக்கும் இடையிலான விலை வித்தியாசம். உர ஆலைக்கு மத்திய அரசின் மானியம். இது எதுவும் கேட் வாசலில் நின்றால் தெரியாது.

ஏரியாவுக்கே வரும் ஆபத்து தனி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. அது சிபிசிஎல் வளாகத்தில் இருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. மீனவர்களின் தொழில் நின்றது. அதே மாதம் 26-ம் தேதி இரவு கோரமண்டல் ஆலைக்கான கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது, ஆலையின் செயல்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரே மாதத்தில் ஒரே பகுதியில் இரண்டு சம்பவங்கள். வேலை, வீடு, மனை, பங்கு எல்லாம் இந்த ஒரே பகுதியில் இருந்தால் எல்லாவற்றிலும் ஒன்றாகத்தான் அடி விழும்.

முதல் வேலை: ஒரு தாள், ஒரு பேனா

எந்தச் செயலியையும் திறப்பதற்கு முன்னால் வீட்டில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள். உதாரணத்துக்கு, துறைமுகம் சார்ந்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பக் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

• அனுப்பம்பட்டு பக்கம் ஒரு மனை: ₹12 லட்சம்
• நகை: ₹8 லட்சம்
• பிஎஃப்: ₹4 லட்சம்
• வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கு: ₹3 லட்சம்
• மியூச்சுவல் ஃபண்ட்: ₹2 லட்சம்
• வங்கி டெபாசிட்: ₹1 லட்சம்

மொத்தம் ₹30 லட்சம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மனையும் நிறுவனப் பங்கும் சேர்ந்து ₹15 லட்சம், அதாவது சரிபாதி, இந்தத் துறைமுகப் பகுதியின் வளர்ச்சியை நம்பி இருக்கிறது. சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது. அவசரத்துக்கு உடனே எடுக்கக்கூடிய டெபாசிட் வெறும் ₹1 லட்சம். மாதச் செலவு ₹30,000 என்றால் அது 3 மாதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்.

இந்தக் குடும்பம் செய்ய வேண்டியது சின்ன மாற்றம்தான். நிறுவனப் பங்கில் பாதியை, அதாவது ₹1.5 லட்சத்தை, விற்கலாம். அதில் ₹80,000-ஐ டெபாசிட்டில் சேர்த்தால் ₹1.8 லட்சம் ஆகும், 6 மாதச் செலவு கையில் இருக்கும். மீதி ₹70,000-ஐப் பல நிறுவனங்களில் பரவலாக முதலீடு செய்யும் ஃபண்டுக்கு மாற்றலாம். நிறுவனப் பங்கு மொத்தத்தில் 10 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்துவிடும். பக்கத்திலேயே இன்னொரு மனை வாங்கும் யோசனை இருந்தால் அதையும் இந்தத் தாளை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

முதலீட்டுக்கு முன்னால் மூன்று விஷயங்கள்

1. அவசரப் பணம்: நிரந்தர வேலை என்றால் 6 மாதச் செலவு. கான்ட்ராக்ட் வேலை என்றால் 9 முதல் 12 மாதம் வரை இருப்பது நல்லது. இது சேமிப்புக் கணக்கிலோ, உடைத்து எடுக்கக்கூடிய டெபாசிட்டிலோ இருக்க வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ₹5 லட்சம் வரை காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு.

2. காப்பீடு: சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்ஷூரன்ஸ், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்பினால், வேலை போகும்போது அதுவும் பெரும்பாலும் கூடவே போகும்.

3. கடன்: நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். எந்தப் பங்கும் ஃபண்டும் ஆண்டுதோறும் அந்த அளவு வருமானம் தரும் என்று நம்பி இறங்க முடியாது. முதலில் அந்தக் கடனை அடைப்பதுதான் சிறந்த முதலீடு.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

இதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு சூத்திரம் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி உதவும்: இந்தப் பணம் எப்போது தேவைப்படும்?

• 3 ஆண்டுக்குள் தேவை (பள்ளிக் கட்டணம், கல்யாணம், வீட்டு அட்வான்ஸ்): பங்குச்சந்தை பக்கமே போக வேண்டாம். வங்கி டெபாசிட், அஞ்சலக ஆர்டி போதும்.
• 3 முதல் 7 ஆண்டு: பெரும்பகுதி பாதுகாப்பான இடத்தில், சிறு பகுதி பங்கு சார்ந்த ஃபண்டில்.
• 7 ஆண்டுக்கு மேல் (பிள்ளைகளின் கல்லூரி, ஓய்வுக்காலம்): பங்கு சார்ந்த ஃபண்டின் பங்கைக் கூட்டலாம்.

சம்பளக்காரர்களுக்கு ஒரு நல்ல விஷயம், பாதுகாப்பான பகுதி தானாகவே சேர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் பிஎஃப். 2024-25-ம் நிதியாண்டுக்கு அதன் வட்டி 8.25 சதவீதம். ஆனால் கான்ட்ராக்டர் மாறும்போது பழைய பிஎஃப் கணக்கை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. யூஏஎன் எண்ணை வைத்து பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா, பழைய கணக்குகள் ஒரே யூஏஎன்னில் சேர்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். பிஎஃப் இல்லாத கடைக்காரர்கள், ஓட்டுநர்கள், மீனவர்களுக்கு பிபிஎஃப் இருக்கிறது. 15 ஆண்டுத் திட்டம், 2020 ஏப்ரலில் இருந்து வட்டி 7.1 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை.

தங்கம்? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று போகும் பணம் விற்கும்போது திரும்பி வராது. போட்டு அழகு பார்க்க நகை, முதலீடாக என்றால் கோல்டு இடிஎஃப் என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கனவே நகை நிறைய இருந்தால் தங்கப் பகுதி நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பங்கா, ஃபண்டா?

வேலைக்குப் போய்க்கொண்டே முதலீட்டைக் கவனிக்கும் ஒருவருக்கு எளிய வழி இன்டெக்ஸ் ஃபண்ட். நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்ட் என்றால், அந்தக் குறியீட்டில் இருக்கும் 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளும் அதே விகிதத்தில் உங்கள் பணத்தில் வாங்கப்படும். எது ஏறும் என்று ஃபண்ட் மேலாளர் ஊகிப்பதில்லை, அதனால் கட்டணமும் குறைவு.

இதில் ஒரு சுவாரசியம். வல்லூர் அனல் மின் நிலையத்தில் கூட்டாளியான என்டிபிசி, காட்டுப்பள்ளி துறைமுகத்தை நடத்தும் அதானி போர்ட்ஸ், ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ் ஆகிய மூன்றும் நிஃப்டி 50-ல் இருக்கும் நிறுவனங்கள். ஆக, இன்டெக்ஸ் ஃபண்ட் வாங்கினாலே நம்ம ஊர் வளர்ச்சியிலும் உங்களுக்குச் சிறு பங்கு கிடைத்துவிடுகிறது. தனியாக அந்தப் பங்குகளை அள்ளிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

தனிப் பங்குகளும் வாங்கித்தான் பார்ப்பேன் என்றால் மொத்த முதலீட்டில் 5 முதல் 10 சதவீதம் என்று ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். அது முழுதாகப் போனாலும் குடும்பம் தள்ளாடக் கூடாது.

டைரக்ட், ரெகுலர்: என்ன வித்தியாசம்?

ஒரே மியூச்சுவல் ஃபண்டை இரண்டு வழியில் வாங்கலாம். ஏஜென்ட் அல்லது வங்கி மூலம் வாங்கினால் ரெகுலர் பிளான், அதில் அவருக்கான கமிஷன் உங்கள் பணத்தில் இருந்து ஆண்டுதோறும் போகும். நேரடியாக வாங்கினால் டைரக்ட் பிளான், கமிஷன் கிடையாது. 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் டைரக்ட் பிளான் தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது.

வித்தியாசம் ஆண்டுக்கு 1 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் ₹5,000 எஸ்ஐபி, 20 ஆண்டு. நீங்கள் கட்டுவது மொத்தம் ₹12 லட்சம். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் கடைசியில் சுமார் ₹43.7 லட்சம். 10 சதவீதம் என்றால் சுமார் ₹38.3 லட்சம். அந்த 1 சதவீதத்தின் விலை ₹5 லட்சத்துக்கு மேல். இது கணக்குக்காக எடுத்த வளர்ச்சி விகிதம்தான், சந்தை இதைத் தரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கட்டணம் மட்டும் நிச்சயம் போகும்.

உங்கள் ஃபண்டின் பெயரைப் பாருங்கள். பெயரில் டைரக்ட் என்ற சொல் இல்லை என்றால் பெரும்பாலும் அது ரெகுலர்தான்.

அதே சமயம், நல்ல ஏஜென்ட் ஒருவர் சந்தை விழும்போது பயந்து விற்காமல் உங்களைத் தடுக்கிறார் என்றால் அந்தக் கமிஷனுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. டைரக்ட் பிளானுக்கு மாறினால் அந்த வேலையையும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சந்தை விழுந்தால் என்ன செய்வது?

விழும். எப்போது என்றுதான் தெரியாது. 2020 ஜனவரியில் 12,400 புள்ளிகளைத் தாண்டிய நிஃப்டி, கொரோனா ஊரடங்கு சமயத்தில் மார்ச் 23-ம் தேதி 7,610-ல் முடிந்தது. இரண்டே மாதத்தில் கிட்டத்தட்ட 38 சதவீத வீழ்ச்சி. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்தது.

எல்லா வீழ்ச்சியும் இவ்வளவு சீக்கிரம் சரியாகாது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. மீண்டும் 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆனது. கிட்டத்தட்ட 3 ஆண்டு காத்திருப்பு. 3 ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு ₹4 லட்சம் முதலீடு ₹2.5 லட்சமாகத் தெரிந்தால் தூக்கம் வருமா? வராது என்றால் பங்குப் பகுதியை இப்போதே குறைத்து வையுங்கள். விழுந்த பிறகு குறைத்தால் அது நஷ்டம்.

ஆண்டுக்கு ஒருமுறை: ரீபேலன்ஸ்

தினமும் செயலியைத் திறந்து பார்ப்பது முதலீட்டைக் கவனிப்பதாகாது. ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகளின் பிறந்தநாளோ, ஆயுத பூஜையோ, மறக்காத ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணம்: ₹10 லட்சத்தில் 60 சதவீதம் பங்கு ஃபண்ட் (₹6 லட்சம்), 40 சதவீதம் டெபாசிட் வகை (₹4 லட்சம்) என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஒரு ஆண்டில் பங்கு ஃபண்ட் 40 சதவீதம் ஏறி ₹8.4 லட்சம், டெபாசிட் 7 சதவீத வட்டியில் ₹4.28 லட்சம் ஆகிறது. மொத்தம் ₹12.68 லட்சம். இப்போது பங்கின் அளவு 66 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மறுபடி 60-க்குக் கொண்டுவர சுமார் ₹79,000-ஐ ஃபண்டில் இருந்து எடுத்து டெபாசிட்டில் போட வேண்டும்.

ஏறும்போது ஏன் விற்க வேண்டும் என்று மனசு கேட்காது. ஆனால் இந்த ஒரு பழக்கம்தான் ஏறும்போது கொஞ்சம் எடுக்கவும், விழும்போது கொஞ்சம் வாங்கவும் வைக்கிறது. விற்க விருப்பம் இல்லை என்றால், அடுத்த சில மாதச் சேமிப்பை முழுதாக டெபாசிட் பக்கம் திருப்பினாலும் விகிதம் சரியாகிவிடும். அதில் வரிச் சிக்கலும் இல்லை.

வரி எவ்வளவு?

2024 ஜூலை 23 முதல் அமலில் இருக்கும் விதி இது:

• பங்கு அல்லது பங்கு சார்ந்த ஃபண்டை ஓராண்டுக்குள் விற்று லாபம் வந்தால் 20 சதவீத வரி.
• ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் ₹1.25 லட்சம் வரையான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் உள்ள லாபத்துக்கு 12.5 சதவீதம்.
• டிவிடெண்ட், டெபாசிட் வட்டி இரண்டும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரி விகிதத்துக்கு ஏற்ப வரும்.

மேலே சொன்ன உதாரணத்தில் ஓராண்டு முடிந்த பிறகு ₹79,000-க்கு விற்றால், அதில் லாபம் சுமார் ₹22,600 மட்டுமே. வேறு லாபம் இல்லை என்றால் வரி எதுவும் இல்லை.

டீமேட் கணக்கில் கவனிக்க வேண்டியவை

இன்டெக்ஸ் ஃபண்ட் மட்டும் வாங்க டீமேட் கணக்கே தேவையில்லை, ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே வாங்கலாம். பங்கும் இடிஎஃப்பும் வாங்கத்தான் டீமேட் வேண்டும்.

• உங்கள் பங்குகள் இருப்பது புரோக்கரிடம் அல்ல, என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரியில். அங்கிருந்து வரும் எஸ்எம்எஸ், மாதாந்திரத் தொகுப்பு அறிக்கை இரண்டையும் படியுங்கள். 2019 நவம்பரில் கார்வி என்ற பெரிய புரோக்கர் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை அடமானம் வைத்திருந்ததாகக் கண்டறிந்து செபி நடவடிக்கை எடுத்தது. செயலியில் தெரியும் இருப்பும் டெபாசிட்டரி அறிக்கையில் உள்ள இருப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.
• ஒருவர் பெயரில் ஒரே டீமேட் இருந்து, அதில் உள்ள மதிப்பு ₹4 லட்சத்துக்குள் என்றால், அடிப்படைச் சேவைக் கணக்கில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. ₹4 லட்சம் முதல் ₹10 லட்சம் வரை ஆண்டுக்கு ₹100. 2024 செப்டம்பர் 1-ல் இருந்து இந்த வசதி உண்டு.
• வாரிசு நியமனத்தைக் கட்டாயம் செய்யுங்கள். எந்தெந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ கணவருக்கோ தெரிந்திருக்க வேண்டும்.
• அப்பா, தாத்தா காலத்தில் வாங்கிய காகிதப் பங்குச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறதா? 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை இன்னொருவருக்கு விற்க முடியாது, டீமேட்டாக மாற்ற வேண்டும். 7 ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் இருந்தால் அந்தப் பங்கு ஐஇபிஎஃப் என்ற மத்திய அரசு நிதியத்துக்குப் போயிருக்கலாம். அங்கே விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி உண்டு.

இந்த இரண்டு பக்கமும் போகாதீர்கள்

ஒன்று, எஃப் அண்ட் ஓ. கையில் இருக்கும் சின்னத் தொகையை வைத்துப் பெரிய தொகைக்கு வர்த்தகம் செய்யலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தனர். சராசரியாக ஒருவருக்கு சுமார் ₹2 லட்சம். மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடிக்கும் மேல். சம்பளம் வந்த அன்றே ஆப்ஷனில் போட்டு வட்டிக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் இந்த 93-ல்தான் போய் முடியும்.

இரண்டு, மாதம் 10, 20, 30 சதவீதம் தருகிறேன் என்று சொல்லும் யாரும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா நிறுவனம் சுமார் 1 லட்சம் பேரிடம் ₹2,438 கோடி வசூலித்து ஏமாற்றியதாக 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. அண்டை வீட்டுக்காரர் முதல் இரண்டு மாதம் பணம் வாங்கிவிட்டார் என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர் இதுபோன்ற திட்டங்களில் சேருகிறார். அந்த முதல் மாதங்களின் பணம் பின்னால் சேர்ந்தவரின் பணமாகவே இருக்கக்கூடும்.

இப்போது இதே வேலை வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் நடக்கிறது. பிரபல நிறுவனத்தின் பெயரில் போலிச் செயலி, அதில் லாபம் ஏறுவதுபோல் எண்கள், எடுக்கப் போனால் இன்னும் பணம் கட்டச் சொல்வார்கள். பணம் அனுப்பும் முன் பாருங்கள்: செபியில் பதிவு பெற்ற புரோக்கர்களுக்கும் ஃபண்ட் நிறுவனங்களுக்கும் 2025 அக்டோபரில் இருந்து 'வேலிட்' என்ற சொல்லைக் கொண்ட தனி யூபிஐ முகவரி வந்துள்ளது. அந்த முகவரிக்குப் பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய அடையாளம் தெரியும். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆலோசனை வேண்டும் என்றால்?

நீங்களே நிர்வகிப்பது என்றால் யாரிடமும் கேட்கக் கூடாது என்று இல்லை. செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்துத் திட்டம் போட்டுக்கொண்டு, பிறகு நீங்களே தொடரலாம். அவருடைய பதிவு எண்ணை செபி இணையதளத்தில் சரிபாருங்கள். யூடியூபில் லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள் இருப்பது பதிவு ஆகாது.

சிக்கல் வந்தால் எங்கே சொல்வது?

• புரோக்கர், ஃபண்ட் நிறுவனம் மீது புகார்: முதலில் அந்த நிறுவனத்திடம். தீரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் இணையதளம். செபி இலவச உதவி எண் 1800 266 7575.
• ஆன்லைனில் பணம் பறிபோனால்: உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.
• டெபாசிட் வாங்கி ஏமாற்றினால்: தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு.

இந்த வாரம் செய்யக்கூடிய 5 வேலைகள்

1. வீட்டில் உள்ள எல்லா முதலீட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதெல்லாம் உங்கள் வேலையும் ஊரும் சார்ந்தது என்று அடிக்கோடு போடுங்கள்.
2. எத்தனை மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று பாருங்கள்.
3. பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, கடைசி மாதம் வரை பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.
4. உங்கள் ஃபண்ட் டைரக்டா, ரெகுலரா என்று பெயரைப் பாருங்கள்.
5. எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே. இதில் குறிப்பிட்டுள்ள நிறுவனப் பங்குகள் எதையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயத்துக்கு உட்பட்டவை. வரி விதிகள் மாறக்கூடியவை என்பதால் முடிவெடுக்கும் முன் தற்போதைய விதியைச் சரிபார்க்கவும்.)